நாங்கள் இருவரும் பார்த்த அரண்மனைகள்

ராணியின் முதுகில் ஜிப் தெரிந்தால் எனக்குப் பொறுக்காது. என் தொழில் அப்படி. திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கும் கடையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். தொலைக்காட்சியில் அந்தக் காலத்து அரசி ஒருத்தி முடிசூட்டிக்கொள்ளப் போகும்போது எல்லோரும் கிரீடத்தைப் பார்ப்பார்கள், நான் தையலைப் பார்ப்பேன். என் தங்கைக்கு என்னைவிடக் கூர்மையான கண். ஒரு முறை ராணியின் தோளுக்குக் கீழே அம்மை குத்திய தழும்பை அவள்தான் கண்டுபிடித்தாள். "அக்கா, இந்தம்மாவுக்கு ஊசி போட்டது அரண்மனை வைத்தியரா, முனிசிபாலிட்டியா?" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் அந்த வாரம் படைத்தலைவன் எப்படிச் செத்தான் என்பதையே கவனிக்கவில்லை.

நீங்கள் கேட்டது இதையல்ல, தெரியும். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் நான் செய்ததில் இருக்கும் நியாயம் விளங்கும். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் ஒரே பேருந்து விபத்தில் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது, அவளுக்குப் பதினொன்று. அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் வாயே திறக்கவில்லை. பள்ளியில் ஊமை என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு சரித்திரத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டை முற்றுகை. மதில் மேலிருந்து பாறைகளை உருட்டுகிறார்கள், கீழே ஆட்கள் நசுங்குகிறார்கள். "இவ்ளோ பெரிய கல்லை யாருக்கா மேல தூக்கிட்டுப் போனது?" என்றாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். என் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

அதன் பிறகு ஒரு ஞாயிறும் விட்டதில்லை. நாலு மணி என்றால் நாலு மணி. யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் நாலு மணிக்குள் திரும்பிவிடுவோம். வாரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. வாள் இடுப்பில் எந்தப் பக்கம் தொங்க வேண்டும், விஷம் குடித்தவனுக்கு முதலில் வாய் நுரைக்குமா கை நடுங்குமா, கழுத்தை ஒரே வெட்டில் எடுக்க முடியுமா, இரண்டு வேண்டுமா. வீட்டுக்காரர் தொல்லை கொடுத்தால் "நாடு கடத்திடலாமாக்கா?" என்பாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்த அன்று, "மகாராணி பதவி ஏற்றுக்கொண்டார்" என்று நான் வாசலில் நின்று அறிவித்தேன். எங்கள் பேச்சு எங்களுக்கு மட்டுமே புரியும். கல்யாணம் செய்துகொள்ள எனக்குத் தோன்றவே இல்லை. அதில் தியாகம் ஒன்றும் இல்லை. வீட்டில் இடமில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு முப்பத்துநாலு வயதானபோது அவர் வந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். கண்ணாடி மாற்ற அவள் கடைக்கு வந்தவர் மூன்று மாதத்தில் மூன்று கண்ணாடி மாற்றினார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே குடியேறினார். நான் அவரை 'லிஃப்ட்' என்றுதான் சொல்வேன். அவரும் சிரித்துக்கொள்வார். நல்ல மனிதர். இதை எழுதிக்கொள்ளுங்கள், நான் யாரைப் பற்றியும் பொய் சொல்ல மாட்டேன். குடித்ததில்லை, குரலை உயர்த்தியதில்லை. விளம்பர இடைவேளையில் அவரே எழுந்துபோய் மூன்று பேருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வருவார். சோபாவில் நடுவில் உட்காருவார். யாரும் அவரை அங்கே உட்காரச் சொல்லவில்லை.

அப்போது நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஆறு வருடமாக ஓடிய தொடர். பெற்றோரை இழந்த ஒரு குட்டி ராஜா. அவனை வளர்த்து ஆளாக்கும் மந்திரி. ராஜாவை நெருங்குகிறவர்களை மந்திரி ஒவ்வொருவராக ஒழித்துக் கட்டுவார். சித்தப்பாவைக் கிணற்றில் தள்ளினார். பால்ய நண்பனை வேட்டையில் அம்பு விட்டுக் கொன்றார். எதற்கும் முகம் மாறாது. கொன்றுவிட்டு வந்து ராஜாவுக்குப் போர்வையை இழுத்து மூடிவிடுவார். எனக்கு அந்த மந்திரியை ரொம்பப் பிடிக்கும். நாட்டுக்காகத் தன் கையைக் கறையாக்கிக்கொள்ளும் மனிதன் என்று அவளிடம் பல முறை சொல்லியிருக்கிறேன். அவளும் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லிஃப்டுக்கு ஒரு கெட்ட பழக்கம். கதை ஓடும்போதே கைபேசியில் நிஜ வரலாற்றைத் தேடுவார். "அக்கா, இந்த ராஜா நிஜத்துல சண்டையில சாகலை. முப்பத்தோரு வயசுல வயித்துப்போக்குல போயிட்டாராம்" என்றார் ஒரு நாள். என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். தழும்பைப் பார்த்துச் சிரித்ததைவிட அதிகம். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காது.

பிறகு ஒரு ஞாயிறு. மந்திரி, ராஜாவுக்குப் பார்த்த பெண்ணின் அண்ணனைத் தூணோடு சேர்த்து ஈட்டியால் குத்துகிற காட்சி. அருமையாக எடுத்திருந்தார்கள். முடிந்ததும் லிஃப்ட் சொன்னார்: "எனக்கென்னமோ அந்த ஆளுக்கு நாடாவது மண்ணாவது. ராஜா பக்கத்துல வேற யாரும் உக்காரக் கூடாது. அதான் விஷயம்."

"அப்படியெல்லாம் இல்ல. அவர் இல்லேன்னா அந்தப் பிள்ளை என்னைக்கோ செத்திருக்கும்" என்றேன்.

"வளர்த்தது சரிக்கா. அதுக்காக வாழ விடாம பண்ணலாமா?"

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தேநீர்க் கோப்பையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே, "அவர் சொல்றது சரிதான்க்கா. எனக்கும் ரொம்ப நாளா அப்படித்தான் தோணுது" என்றாள்.

ரொம்ப நாளாக. அப்படியென்றால் என்னிடம் ஆமாம் ஆமாம் என்று சொன்னதெல்லாம்? எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சுயபுத்தியை இழந்துவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது. கடையில் என்னோடு வேலை பார்க்கும் அம்மாளிடம் சொன்னேன். "ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையுமா?" என்றாள். அவளுக்கு என் தங்கையைத் தெரியாது.

அடுத்ததை நீங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். மே மாதம் அவர் மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது அல்லவா? மேலிருந்து மூன்றாவது படியிலும் நான்காவது படியிலும் தையல் மிஷின் எண்ணெய் தடவியது நான். காலை ஏழரைக்கு அவர் முதலில் இறங்குவார், எட்டு மணிக்குத்தான் தங்கை இறங்குவாள். யோசித்துத்தான் செய்தேன். கழுத்து உடையும் என்று எதிர்பார்த்தேன். பதினொரு படி உருண்டு, கையை ஊன்றிப் பிழைத்துக்கொண்டார். நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கக்கா, ஒண்ணுமில்ல" என்றார். பயந்திருந்தது நான் அல்ல. ஆனாலும் அவர் அப்படிச் சொன்னது எனக்கு உறுத்தியது.

வினை அங்கேதான் பிடித்தது. அவரைப் பார்த்துக்கொள்ள என் தங்கை ஆறு வாரம் விடுப்பு எடுத்தாள். நான் வேலைக்குப் போன பிறகு இருவரும் உட்கார்ந்து தொடர் தொடராகப் பார்த்துத் தள்ளினார்கள். நாங்கள் பார்த்தவை, பார்க்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தவை, எல்லாம். மந்திரி கதையின் மீதியை இணையத்தில் மொத்தமாக வெளியிட்டிருந்தார்கள். ஞாயிறுக்கு ஒன்றாகப் பார்ப்போம் என்று நான் சொல்லியிருந்தேன். ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள், அவர் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சி ஓடி முடிந்திருந்தது. "தாங்க முடியலக்கா, பார்த்துட்டோம்" என்றாள். "நீ பாரு, நாங்க துணைக்கு உக்காந்துக்கறோம்."

துணைக்கு. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு என் வீட்டு சோபாவில் நான் உப்புக்குச் சப்பாணி.

கடைசியாக அந்த ஞாயிறு. மணி நாலு இருபது. தங்கை மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அவர் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு ஹோட்டலுக்கான திரைச்சீலையை வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அங்குலக் கத்தரி. சாணை பிடித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவ சொல்லத் தயங்குறா" என்றார். "எனக்கு மாற்றல் வந்திருக்கு. அடுத்த மாசம் கிளம்பணும். நாலு மணி நேரப் பயணந்தான். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வந்துடுவோம்."

"நல்லது. அவ வேலையை என்ன பண்ணுவா?"

"அங்கயும் ஒரு கண்ணாடிக் கடையில சொல்லி வெச்சாச்சு." கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. மாற்றல் கேளுங்கன்னு முதல்ல சொன்னதே அவதான்."

அது பொய். இறந்தவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தப்பிக்க மனிதர்கள் எதையாவது சொல்வார்கள்.

நான் சோபாவின் பின்பக்கமாகப் போனேன். கத்தரியை மூடிப் பிடித்துக்கொண்டு கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் இறக்கினேன். தொடர்களில் குத்துப்பட்டவன் இரண்டு வரி வசனம் பேசுவான், யார் செய்தது என்று தெரிந்துகொள்வான், பிறகுதான் சாவான். எல்லாம் சுத்தக் கரடி. அவர் திரும்பிப் பார்த்து, "என்னக்கா?" என்றார். அவ்வளவுதான். சாதாரணமாக, உப்பு எங்கே என்று கேட்பதுபோல. பிறகு பேச்சு வரவில்லை, குரல்வளையில் காற்றும் ரத்தமும் சேர்ந்து ஒரு சத்தம்தான் வந்தது. கட்டுப்போட்ட கையைத் தூக்கித் தடுத்தார். கத்தரி மாவுக்கட்டில் மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கி எடுத்து மறுபடி குத்த வேண்டியிருந்தது. தடிமனான துணியை வெட்டிப் பழகிய கை என்பதால் எனக்கு வலிக்கவில்லை. நான் ஐந்து என்று நினைத்திருந்தேன். பதினேழு என்று நீங்கள் சொல்கிறீர்கள். டாக்டர் எண்ணியிருப்பார், அவர் சொல்வதே சரியாக இருக்கும்.

என் தங்கை கதவைத் திறந்தபோது அவர் தரையில் கிடந்தார். குதிகால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவரை அப்படி அரைகுறையாக விடுவது பாவம் என்றுதான் கத்தரியை மறுபடி ஓங்கினேன். அவள் ஓடிவந்து குறுக்கே விழுந்து இரண்டு கையாலும் கத்தரியின் அலகைப் பிடித்துக்கொண்டாள். "விடு" என்றேன். மூன்று முறை சொன்னேன். நீங்கள் எழுதும்போது இதை விட்டுவிடாதீர்கள். சிறு வயதிலிருந்தே பிடிவாதக்காரி. அவள் விடவில்லை, நான் இழுத்தேன்.

வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது என்று சொன்னீர்கள். கண்ணாடிச் சட்டத்தில் கடுகு அளவு திருகாணியை முடுக்குகிற விரல்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தக் காயத்தை நான் போட்டதாக எழுதுவது சரியில்லை. கூரான பொருளைக் கையில் பிடிக்கக் கூடாது என்று அவளுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் அடங்கிய பிறகு அவள் அவருடைய தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் கையிலிருந்து வழிந்த ரத்தம் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் துண்டை நனைத்துக்கொண்டு வந்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பேசவும் இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு உள்ளே வந்தபோதும் பேசவில்லை. அதிர்ச்சியில் அவளுக்கு அப்படி ஆகும், எனக்குப் பழக்கம்தான். அதனால் நேற்று அவள் இரண்டு மணி நேரம் வாக்குமூலம் கொடுத்தாள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாற்றல் கேட்கச் சொன்னது தான்தான் என்று அவள் சொன்னதாகப் படித்துக் காட்டினீர்கள். "பத்து வருஷமா அந்த வீட்டை விட்டுப் போகணும்னு நினைச்சேன், அவளைப் பார்த்தா பயமா இருந்துச்சு" என்ற வரியையும் படித்தீர்கள். 'அவள் எனக்கு யாருமில்லை' என்று என்னைப் பற்றி எழுதச் சொன்னாளாம். அதெல்லாம் அவர் கற்றுக்கொடுத்த பேச்சு. பத்து வருடத்துக்கு முன்பு அவர் வரவே இல்லையே என்கிறீர்கள். தேதியெல்லாம் அவளுக்கு எப்போதுமே குழம்பும்.

என் பெயரில் இருப்பதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய் தடவியது நான், குத்தியது நான், கொல்ல வேண்டும் என்றுதான் குத்தினேன். காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று. என்னைப் பார்க்க வர மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வெட்கமாக இருக்கும், பாவம். அவளிடம் சொல்லுங்கள். அவள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நான் அவளை மன்னித்துவிட்டேன்.