கணவனுக்கு எழுதிய மாத்திரை

அவையின் தலைமையை அணிசெய்து வீற்றிருக்கும் தமிழ்ச் சங்கத் தலைவர் வேங்கடாசலம் அவர்களே, அனுபவத்தால் நரைத்த ஆன்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக ஓடிவந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தறிச் சத்தத்துக்கு நடுவே தமிழ்ச் சத்தத்தைத் தாழவிடாத நகரி ஊர்ச் சொந்தங்களே! திருப்பதியில் குழந்தையின்மைக்கு மருத்துவம் பார்க்கும் தாட்சாயணியின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

'கணவனுக்கு எழுதிய மாத்திரை' என்று தலைப்பைச் சொன்னதும் பின்வரிசை ஆண்கள் சிலர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். போகட்டும், டீக்கடை வரைக்கும் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள்.

ஆண்மை ஆண்மை என்று அரங்கம் அதிர முழங்குகிறோமே, அந்த ஆணின் விந்தைப் பரிசோதிக்கலாம் என்றால் மட்டும் ஏன் ஐயா அடங்கிப் போகிறோம்? குழந்தை இல்லையென்றால் கோயிலைச் சுற்றுவது யார்? ஊசிக்குக் கை நீட்டுவது யார்? ஊர் வாயில் விழுவது யார்? அங்கே ஓர் அம்மா "நாங்கதான்" என்கிறார். ஆம் தாயே, நீங்கள்தான்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் அனுமதியோடு, பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். பிரபாகர் விசைத்தறி ஓட்டுபவர். மனைவி அம்சவேணி. பிரபாகர் வீட்டுக்குத் தெரியாமல் என்னிடம் வந்தார். பரிசோதித்ததில் விந்தணு குறைவு. காரணம் அறிய ஸ்கேனுக்கு வரச் சொன்னேன். அதுவரை சாப்பிடச் சத்து மாத்திரைகளும் எழுதினேன்.

வைட்டமின் சி, வைட்டமின் ஈ, துத்தநாகம். விந்தணுக்கள் சிதையாமல் காப்பவை என்று பெயர் பெற்றவை. ஆன்டி ஆக்சிடன்ட் என்பார்கள். விளம்பரத்தில் இவை வீரம் பேசுகின்றன, ஆய்வில் அடக்கமாகவே பேசுகின்றன. சிலருக்குப் பலன் தெரிந்தது என்கின்றன சில ஆய்வுகள். வித்தியாசமே இல்லை என்கின்றன வேறு சில. குழந்தை பிறக்கும் என்று அவற்றை நம்பி ஒருவரும் உறுதி சொல்ல முடியாது.

சரி, பிரபாகர் மாத்திரையோடு வீட்டுக்குப் போனார். அது எதற்கு என்று தாயார் சுலோச்சனா கேட்க, குழந்தை பிறக்க என்றார் மகன். அவ்வளவுதான்! குழந்தைக்கு மருந்தென்றால் அந்த வீட்டில் அது மருமகள் வாய்க்குத்தான். தினமும் மாமியார் எடுத்துக் கொடுக்க, அம்சவேணி விழுங்கினார். பிரபாகர் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் சோறு தின்றார். சிரிக்கிறீர்கள். மருந்து உறையில் இருந்த என் மருத்துவமனை முகவரியைப் பார்த்து அம்சவேணி தனியாக வந்து மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டாமல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

"விடாம துன்னுக்கினுதான் இருக்கேன் டாக்டரம்மா. ஒண்ணும் தங்கல. சத்தியவேட்டுல அவருக்கு வேற பொண்ணு பாத்துக்கினு இருக்காங்க. இந்த மாத்திரையும் கேக்கலன்னா என்னை எங்க நைனா வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

ஒருவரின் உடம்பைப் பற்றிய ரகசியத்தை இன்னொருவரிடம் மருத்துவர் உடைக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி அனுப்பிவிட்டு, பிரபாகரைப் போனில் அழைத்தேன். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வந்தார். ஸ்கேனில் விரைப்பையின் இரத்தக்குழாய் புடைத்திருப்பது தெரிந்தது. மாத்திரையால் அது வடியாது, அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றேன். வீட்டில் நீங்களே சொல்லுங்கள் என்றும் சொன்னேன். தலையாட்டினார். சொல்லவில்லை.

சத்தியவேட்டுப் பெண் வீட்டார் பேசி முடிக்க வந்துவிட்டார்கள். அம்சவேணி அவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். அப்போதுதான் பிரபாகர் எழுந்தார்.

"கொறை அவகிட்ட இல்ல, என்கிட்ட. அந்த மாத்திரை என் பேர்ல எழுதினது."

வந்தவர்கள் காபியைத் தொடாமல் கிளம்பினார்கள். சுலோச்சனா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அம்சவேணி கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தெரிஞ்சேவா பாத்துக்கினு இருந்த?"

அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. குழந்தை பிறக்குமா, எனக்குத் தெரியாது. இரண்டாம் பெண் பேச்சு அந்த வீட்டில் நின்றுபோனது. ஆனால் அம்சவேணியின் கேள்வி இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது.

ஆண்களே, அப்படியொரு கேள்வி உங்கள் வீட்டில் எழ வேண்டுமா? இருவரும் சேர்ந்து வாருங்கள்! இருவரும் சேர்ந்து பரிசோதியுங்கள்! முடிவையும் இருவரும் சேர்ந்து கேளுங்கள்! மாத்திரை யாருக்கு எழுதியதோ அவர் விழுங்கட்டும்!

சிரித்தவர்களுக்கும், சிரிப்பை நிறுத்தியவர்களுக்கும், டீக்கடையில் நின்று கேட்டவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.