நடவுக்குப் போகும் நாள்

தஞ்சாவூரிலிருந்து வந்த பேருந்து நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டது. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பதினாறு வயது மகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"பெத்தவளே நம்பலன்னா, அவன வீட்டுக்கு விடலாமான்னு விசாரிச்ச அந்த ஆபீசர் அம்மா எப்படி நம்பும்? இனிமே செய்யமாட்டான்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"அப்படிக் கேக்கலீங்க. நடவுக்குப் போறப்ப அவன் தங்கச்சி சின்னவள அவன்கூட வீட்டுல விட்டுட்டுப் போவீங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கூட்டிக்கிட்டுத்தான் போவேன்னு சொன்னேன்."

"கெடுத்தியே! இனி எங்க அவன வீட்டுக்கு விடப்போறாங்க?"

"எதிர்த்த வீட்டுப் பொண்ணுகிட்ட அவன் தப்பா நடந்துக்கிட்டதும் நடவு அன்னிக்கித்தாங்க. அன்னிக்கி தெருவே வயல்லதான் நின்னுச்சு."

ரயில் கடந்து போனது. கேட் திறந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"சின்னவளக் கொஞ்ச நாள் ஒங்க அக்கா வீட்டுல விட்டுட்டா, இவன் வரலாம்ல?"

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன நான் வாராவாரம் வந்து பாத்துக்கிறேங்க. சின்னவ என்ன தப்பு செஞ்சா, வீட்ட விட்டுப் போக?"