மட்டவன் நிற்கும் திட்டு

மட்டவன் மீனுக்குப் பல் ரொம்ப அழகு, மேடம். சிரிக்காதீர்கள், இருபத்திரண்டு வருஷமாகப் பல்செட் செய்கிறவன் சொல்கிறேன். முன்னால் கூர்ப்பல், உள்ளே சிப்பியையே நொறுக்குகிற கடைவாய்ப்பல், அதுவும் வரிசை வரிசையாக. அப்படியொரு செட்டை நான் எந்த மனுஷனுக்கும் செய்து கொடுத்ததில்லை.

நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். என் முகத்தில் சிரிப்பு இருக்கிறது என்று உங்கள் ஏட்டையா முறைக்கிறார். என்ன செய்வது, அந்த வியாழக்கிழமைக் காலையை நினைத்தாலே எனக்கு உள்ளுக்குள் துள்ளுகிறது.

மீன்பிடிப் போட்டி சனிக்கிழமை. வியாழன் நண்பகல்வரை யார் வேண்டுமானாலும் கடலுக்குப் போய் இடம் பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு மணிக்குள் படகுத்துறைக்குத் திரும்பிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் சனி விடிகிறவரை உங்கள் படகு அந்தப் பக்கம் தென்பட்டால் ஆட்டத்திலிருந்தே தூக்கிவிடுவார்கள்.

இடம் பார்க்கும்போது தூண்டில் முள்ளைக் கழற்றிவிடுவோம். லூர் என்கிற பொம்மை மீனை மட்டும் கட்டி எறிந்து இழுப்போம். என் லூரெல்லாம் நானே செய்தவை, பல்செட்டுக்கு ஈறு செய்கிற அதே ரோஸ் கலர் பிளாஸ்டிக்கில். மட்டவன் வந்து டொக்கென்று கடிக்கும், ஏமாந்து விட்டுவிடும். அந்த டொக் கையில் தெரிந்தால் போதும். முள் குத்திய மீன் உஷாராகிவிடும், அதனால் ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொள்வோம்.

என் மைத்துனன் எப்போதும் கூட வருவான். மனைவியின் தம்பி, தங்கமான பையன். ஊரே அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடும், வாயில் ஒன்றும் தங்காது. போன வருஷம் நான் மூன்று வாரம் அலைந்து பிடித்த இடத்தை, பெட்ரோல் போடுகிற இடத்தில் எவனிடமோ உளறிவிட்டான். போட்டியன்று போனால் எனக்கு முன்னால் பதினான்கு படகு நிற்கிறது. நான் நாற்பத்தோராவது இடம். அவன் அக்கா முன்னால் நின்று கண்ணைக் கசக்கினான். "மாமா, சத்தியமா இனிமே வாயைத் திறக்க மாட்டேன்" என்றான். நானும் விட்டுவிட்டேன். மனசில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

அந்த வியாழக்கிழமை பத்தரைக்கு அந்தத் திட்டைக் கண்டுபிடித்தோம். கடல் நன்றாக வற்றியிருந்தது. மேஜை மாதிரி தட்டையான பாறை, அதன்மேல் கணுக்கால் அளவு தண்ணீர். இறங்கி நின்று எறிந்தோம். ஏழு எறிதல், ஏழு கடி. அவன் அந்தப் பாறையிலேயே ஆட ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, சினிமா டிக்கெட் குடுக்கிற மாதிரி முட்டிக்கிட்டு வருது மாமா!"

நானும் ஆடினேன். ஐம்பத்தொரு வயசில், முழுக்கால் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு. என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

படகு நிழல் விழுந்தால் மட்டவன் ஒதுங்கிவிடும். அதனால் அவனைத் திட்டிலேயே விட்டுவிட்டு அடுத்த திட்டைப் பார்க்க நான் மட்டும் போனேன். அது நாங்கள் எப்போதும் செய்கிறதுதான். அங்கே ஒரு கடியும் இல்லை, ஆனால் மணி பதினொன்று நாற்பது ஆகிவிட்டது. அவனை ஏற்றிக்கொண்டு போனால் பன்னிரண்டு பத்து. நேராகத் துறைக்குப் போனால் பதினொன்று ஐம்பத்தெட்டு. நேராகப் போனேன்.

துறையில் மீட்புப் படகு கட்டிக்கிடந்தது. அதன் ஓட்டுநர் காது குடைந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருபது நிமிஷத்தில் அவனைக் கூட்டிவந்திருப்பார், நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் அங்கே அறுபது போட்டிக்காரர்கள் நின்றார்கள், மேடம். மீட்புப் படகு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறுபது பேரும் பார்ப்பார்கள். கையெழுத்து வாங்குகிறவர், "கூட வந்த தம்பி எங்க?" என்று கேட்டார். முன்னாடியே அக்கரையில் இறங்கிவிட்டான் என்றேன்.

இன்னொன்றும் யோசித்தேன், மறைக்கவில்லை. அவனைக் கரைக்குக் கூட்டிவந்தால் மட்டும் என்ன? ஏழுக்கு ஏழு என்கிற சந்தோஷம் சனிக்கிழமைவரை அந்த வாயில் தங்குமா? அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. இரண்டு நாள் அவன் யாரிடமும் பேசாமல் இருந்தால் தேவலை என்றுதான் நினைத்தேன்.

உங்கள் தாளில் அவன் போனிலிருந்து நான்கு அழைப்பு இருக்கிறது. முதலாவது பன்னிரண்டு பத்துக்கு.

"மாமா, எங்க இருக்கீங்க? தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு."

"வந்துக்கிட்டே இருக்கேன்டா. மீன் நிக்குதா?"

"நிக்குதாவா? காலைச் சுத்திச் சுத்தி வருது. ஒண்ணு என் செருப்பைக் கடிக்குது மாமா."

ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டாவது அழைப்பில் அவன் சிரிக்கவில்லை. மீட்புப் படகுக்கு அடிக்கவா என்றான். "அடிச்சா நம்ம இடம் போச்சுடா. போன வருஷம் பட்டது போதாதா?" என்றேன். அப்புறம், "இல்ல மாமா, யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றான்.

சொல்லவும் இல்லை. நீங்களே பாருங்கள், என் நம்பரைத் தவிர ஒரு நம்பர் இல்லை. அக்காவுக்குக்கூட அடிக்கவில்லை. இனிமேல் அவனை யாரும் ரேடியோ என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சனிக்கிழமை அந்தத் திட்டில் என் படகு ஒன்றுதான். ஐந்து மீன், ஆறு கிலோ இருநூறு. எடை போட்டவர் தராசைத் தட்டிப் பார்த்தார், தப்பாகக் காட்டுகிறதோ என்று. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு துறை முழுக்கச் சுற்றினார்கள். அப்போது அவனும் இருந்திருந்தால் எப்படிக் கத்தியிருப்பான் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள்தான் உங்கள் ஆட்கள் அவனைக் கரையில் எடுத்தார்கள்.

உங்களை உறுத்துவது என்னவென்று எனக்குத் தெரியும். நகராட்சி நீச்சல் குளத்தில் நானூறு பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவன், திட்டிலிருந்து கரைக்கு வெறும் அரைக் கிலோமீட்டர், எப்படி மூழ்கினான்? கடல் ஏற்றம் வேகமெடுத்துவிட்டால் திட்டுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிற கால்வாயில் யாராலும் நீந்த முடியாது, மேடம். எத்தனை மணிக்கு வேகமெடுக்கும் என்று என் நோட்டில் எழுதியிருக்கிறேன். இரண்டு மணி. அதற்கு முன்னால் இறங்கியிருந்தால் விளையாட்டாக வந்திருப்பான்.

மூன்றாவது அழைப்பு ஒன்று ஐம்பதுக்கு. நான் அப்போதுதான் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, இடுப்புக்கு மேல வந்துடுச்சு. நீந்தியே வந்துடவா?"

"வேணாம்டா. நீ காலடிச்சா மீனெல்லாம் கலைஞ்சிடும். அசையாம நில்லு, இதோ வந்துட்டேன்."

"சரி மாமா" என்றான்.

யார் போனில் என்று மனைவி கேட்டாள். போட்டிக்காரர்கள் என்றேன். தம்பி எங்கே என்றாள். சிநேகிதன் ஒருத்தனைப் பார்த்தான், பேச நின்றுவிட்டான் என்றேன். "பேச ஆரம்பிச்சா அவன் எங்க வரப்போறான்" என்று சிரித்துக்கொண்டே அவனுக்கு ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்தாள். எனக்கு நல்ல பசி. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

நான்காவது அழைப்பு இரண்டு எட்டுக்கு. அதை ஏன் எடுக்கவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். வேண்டுமென்று விட்டதில்லை, மேடம். கை எச்சிலாக இருந்தது.