பாறைக்கு அடியில் கிடந்த சிப்பிகள்

உங்கள் ஸ்டேஷன் வாசற்படி மணற்கல், இன்ஸ்பெக்டர். மேலிருந்து இரண்டாவது படியில் ஒரு சிப்பியின் விளிம்பு தெரிகிறது. தினமும் அதன்மேல்தான் செருப்பைத் தேய்த்துவிட்டு உள்ளே வருகிறீர்கள். குறை சொல்லவில்லை. மணற்கல்லை யாரும் மதிப்பதில்லை.

என்னையும் அப்படித்தான். தாணுலிங்கம் என்றால் கல்லூரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜியாலஜி லேபில் கல் எடுத்துக் கொடுக்கிறவர் என்றால் தெரியும். இருபத்திரண்டு வருஷம் டெமான்ஸ்ட்ரேட்டர். பேராசிரியர்கள் பாடம் நடத்துவார்கள், நான் அலமாரியைத் திறப்பேன். அவர்கள் தப்பாகச் சொல்லும்போது அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பாறை அடுக்கில் சூது கிடையாது. கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது, அவ்வளவுதான். ஆலந்தலைக்கு மேற்கே, தேரியின் செம்மணலுக்கு அடியில் இரண்டடி கனத்துக்கு மணற்கல் ஓடுகிறது. ஒரு காலத்தில் அது கடற்கரை மணல். கொற்கையில் கப்பல் நின்ற இடத்தில் இன்று நெல் விளைகிறது, கடல் விலகிப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கும் பல்லாயிரம் வருஷம் முன்னால், அந்த மணல் கல்லாக இறுகுவதற்கும் முன்னால், இந்தக் கரையில் மனிதன் முத்துச்சிப்பி எடுத்திருக்கிறான். இதை நான் ஊகிக்கவில்லை. எனக்குத் தெரியும். பாறைக்கு அடியில் சிப்பியும் பானை ஓடும் கிடைத்துவிட்டால் ஊருக்கும் தெரியும்.

அதற்காகத்தான் புதுத் துறைமுகம் திறந்த மறுவருஷம், எழுபத்தைந்து ஜனவரியில், லீவு போட்டுக் குழி தோண்டினேன். பன்னிரண்டடி. தேரி மணல் நிற்காது, பொலபொலவென்று சரியும். அதனால் சுற்றிலும் பனஞ்சட்டம் நிறுத்தி, ஆப்பு வைத்து இறுக்கியிருந்தோம். வேலைக்கு ஆலந்தலையிலிருந்து இரண்டு பேர். சந்தியாகுவும், அவன் மனைவி பிலோமியின் அண்ணன் சவேரியும். சந்தியாகு அறுபத்தொன்று வரை முத்துக்குளித்தவன். குழிக்குள் இறங்கும்போதும் இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்க மாட்டான். மேலே கயிறு பிடிப்பது சவேரிதான். அது அவர்கள் வழக்கம். கடலில் குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்ற கணக்கு. கீழே இருந்து ஓர் இழுப்பு வந்தால் உடனே தூக்கிவிட வேண்டும்.

மூன்று வாரம் தோண்டியும் பாறைக்கு அடியில் வெறும் வெள்ளை மணல்தான் வந்தது. எனக்குக் கவலை இல்லை. சிப்பி அங்கே இருந்தாக வேண்டும், நாங்கள் தோண்டிய இடம் நாலு முழம் தள்ளிப் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், லேப் அலமாரியிலிருந்து எடுத்துவந்த பழஞ்சிப்பிகளையும் கொற்கைப் பானை ஓடு இரண்டையும் மணற்கல்லுக்கு அடியில் பக்கவாட்டில் குடைந்து வைத்து மூடினேன். இதைப் பொய் என்று எழுதாதீர்கள். இருக்க வேண்டியதை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சந்தியாகுவின் கடப்பாறை அதில் பட்டது. நான் சந்தோஷத்தில் சத்தம் போட்டேன். அவன் போடவில்லை. குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"சார், இது கடலு போட்ட சிப்பி இல்ல. கையி போட்டது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"செத்த சிப்பி நீரோட்டத்துல உருண்டு உருண்டு கவுந்துதான் கெடக்கும் சார். குழி கீழ, முதுகு மேல. எத்தன வருசம் கடலடியில பாத்திருக்கேன். இது பாதி மல்லாந்துல்லா கெடக்கு. கூடையில இருந்து கொட்டுன மாதிரி."

இருபத்திரண்டு வருஷம் கல்லோடு கிடந்த எனக்கு அது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. யாரிடம் சொல்லப் போகிறாய் என்று கேட்டேன்.

"நானா போயி யார்ட்டயும் சொல்ல மாட்டேன். வாரவங்க கேட்டா பொய் சொல்ல வராது சார்."

நல்ல மனிதன் பேசுகிற பேச்சுதான். ஆனால் அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்த்த விதம் சரியில்லை. சவேரியோடு கட்டுமரத்து ஓரம் குசுகுசுத்தான். நான் போனதும் நிறுத்தினான். டீக்கடையில் எனக்குத் தம்ளர் நீட்டியவன்கூடச் சிரித்தது மாதிரி இருந்தது. சிப்பி கிடைத்த அன்றே நான் கொடுத்த தந்திக்கு, அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து பேராசிரியர் சனிக்கிழமை வருவதாகப் பதில் வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சவேரியைத் திருச்செந்தூருக்கு அனுப்பினேன். இன்னும் நாலு பனஞ்சட்டம் வாங்கி வா, குழிக்குப் பந்தோபஸ்து போதாது என்றேன். உண்மையிலேயே போதாதுதான். சந்தியாகு குழி ஓரத்தில் தயங்கி நின்றான்.

"மச்சான் வரட்டும் சார். கயிறு யாரு புடிக்கது?"

"நான் பிடிக்கிறேன்."

அவன் சிரித்தான். "பிலோமி ஒங்களுக்குத் தங்கச்சியா சார்?"

"தங்கச்சின்னே வச்சுக்கோ," என்றேன். இறங்கினான்.

தென்பக்கத்து ஆப்பைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினேன். மூன்றாவது தேவைப்படவில்லை. சட்டம் சாய்ந்தது, மணல் சத்தமில்லாமல் இறங்கியது. கயிறு ஒருமுறை இழுபட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை நிமிஷம் தம் பிடிப்பேன் என்று அவனே சொல்லியிருக்கிறான். கொஞ்சம் மிகைப்படுத்துகிறான் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஐந்து முறை இழுத்தான். கடைசி இழுப்பு மீன் கடிப்பது போல லேசாக இருந்தது. மேலும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கூச்சல் போட்டேன்.

பனையேறிகள் ஓடிவந்தார்கள். வடக்குப் பக்கமிருந்து தோண்டுங்கள் என்று சொன்னேன். அது சுற்றுவழி, நேரமாகும், தெரியும். தெற்கில் சிப்பி அடுக்கு இருந்தது.

ஆலந்தலையில் அடக்கத்தின்போது ஒரு பிடி மண் அள்ளினேன். சவேரி என் முகத்தைப் பார்க்கவில்லை, உள்ளங்கையைப் பார்த்தான். மண்ணுக்குள் மாட்டிய ஆளைக் கயிற்றால் இழுத்திருந்தால் தோல் உரிந்திருக்கும். என் கை வழுவழுவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து செங்கல்லில் தேய்த்துக்கொண்டேன். நீங்கள் முதல் நாள் கேட்ட காயம் அதுதான். பிலோமி அழுதபோது எனக்கும் அழுகை வந்தது, அதில் நடிப்பில்லை.

பேராசிரியர் ஒரு வாரம் தள்ளி வந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. குழிக்குள் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பார்த்தார். "இவை இயற்கையாகப் படிந்தவை இல்லை, மிஸ்டர் தாணுலிங்கம்," என்று சொல்லிவிட்டுக் கால்சட்டையைத் தட்டிக்கொண்டு ஏறினார். பிணம் எடுத்தவர்கள் கலைத்துவிட்டார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். காதில் வாங்கவில்லை. படித்தவர்கள் எப்போதும் என்னிடம் இப்படித்தான்.

கொன்றது நான்தான். அதை நான் மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். என் வருத்தமெல்லாம் ஒன்றுதான். யாரும் கலைப்பதற்கு முன்னால், அந்தச் சிப்பிகள் பாறைக்கு அடியில் கிடந்ததைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி சந்தியாகு. பொய் சொல்ல வராதவன். அவன் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் பேராசிரியரிடம் எனக்காகப் பேசியிருப்பான்.