‘வா’ என்றொரு பட்டன்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பஸ். முன்சீட்டில் இரண்டு தோழிகள். “எங்கப்பா இப்பல்லாம் பட்டனை அமுக்கித்தான் சண்டை போடுறாரு” என்று ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னதும், நான் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

“பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சுல்ல? எங்க வூட்டுக்காரரு ஒரு கீபோர்டு வாங்கியாந்தாரு. ஒவ்வொரு பட்டனும் குட்டி டிவி மாரி. நாம வெக்கிற படம் அதுல தெரியும். அமுக்குனா கம்ப்யூட்டரு அதை வாய்விட்டுச் சொல்லும்.”

“என்னா படம் வெச்சீங்க?”

“தண்ணி, காபி, ஃபேன். காபி லேட்டானா விடாம அமுக்குவாரு. ‘காபி, காபி, காபி’ன்னு தெருவுக்கே கேக்கும்.”

தோழி சிரித்தாள்.

“போன வாரம் சித்தப்பா பாக்க வர்றாருன்னு சேதி வந்துச்சு. ஒடனே கைய ஆட்டி ஆட்டி, ‘வா’ன்னு ஒரு பட்டன் வெக்கச் சொன்னாரு.”

“உன் கல்யாணத்துல, உங்கப்பா வாசல்ல நின்னும் ‘வா’ன்னு கேக்கலைன்னு சாப்பிடாமப் போனாரே, அந்தச் சித்தப்பாவா?”

“அவரேதான். பதினோரு வருசமா வூட்டுப் பக்கமே வரல. வந்தவரு செருப்பைக்கூட கழட்டல, அப்பா அமுக்கிட்டாரு. ‘வா, வா, வா’ன்னு நிறுத்தவே இல்ல.”

“சித்தப்பா என்னா சொன்னாரு?”

“‘இதை அன்னைக்கே கேட்டிருந்தா என்னண்ணே’ன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. அப்புறம் கூடத்துல பந்திக்கு உக்கார்ற மாரி சம்மணம் போட்டு உக்காந்துட்டு, என்னைப் பாத்து, ‘இப்ப எலயப் போடும்மா’ன்னாரு.”