பித்தளை இடியாப்பம்

நெல்லையப்பன்: அங்கனயே நில்லுங்க அண்ணாச்சி... உள்ள பூரா பித்தளைச் சீவல். காலைக் கிழிச்சிரும்.

நமசிவாயம்: பண்ணைக் கணக்கப்பிள்ளையை வாசல்ல நிறுத்துத முதல் ஆளு நீருதான்வே. சரவிளக்கு எம்புட்டுல நிக்கு?

நெல்லையப்பன்: முக்கால்வாசி முடிஞ்சாச்சு. தென்காசியில இப்படி ஒரு கிறுக்கு விளக்கை இதுவரைக்கும் எவனும் செஞ்சதில்ல.

நமசிவாயம்: வாயை அளந்து பேசும். பண்ணைப் பெரியவரு யோசனை அது. குற்றாலம் பங்களாவுல படுத்தமேனிக்கே சன்னல் வழியா அருவியைப் பாக்காரு. பல்லு போயிட்டு, பசி போகல. “ஏலே நமசிவாயம், மலை இடியாப்பம் பிழியுது பாத்தியா”ன்னாரு.

நெல்லையப்பன்: அதைப் பித்தளையில பிழியுத வேலை எனக்கு.

நமசிவாயம்: பேத்தி கல்யாணத்துல தொங்கணுமாம். மேல மலை... சரி. கம்பி கம்பியா அருவி... சரி. கீழ உருளி. இடியாப்பத்துக்கு ஊத்துத சொதி எங்கவே?

நெல்லையப்பன்: திரியை ஏத்துனா உருளியில மஞ்சளா வெளிச்சம் வழியும்லா... அதான் சொதி. சுத்திலும் முருங்கைக்காய்.

நமசிவாயம்: முருங்கைக்காயா! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தப்பா எடுத்துக்கிட்டா?

நெல்லையப்பன்: மறுவீட்டுச் சொதியில முருங்கைக்காய் இல்லாட்டிதான் தப்பா எடுப்பாங்க.

நமசிவாயம்: பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. கேட்டுக்கும், கல்யாண விளக்கு. தீட்டுப்பட்ட கை அதுல படக் கூடாது. பட்டுதோ, வேலை செங்கோட்டைக்காரனுக்குப் போயிரும்.

நெல்லையப்பன்: ரெண்டு கோட்டை கூலி நெல்லும் கூடவே போயிரும். தெரியும் அண்ணாச்சி. மூணு பொண்ணும் அதுக்காகத்தான் வாயைத் திறந்துக்கிட்டு இருக்குதுக.

நமசிவாயம்: ஒரு சத்தத்தையும் காணோம்?

நெல்லையப்பன்: எங்க அக்கா தங்கத்தாய் வீட்டுக்கு அனுப்பிட்டேன். வேலை ஓடணும்லா.

நமசிவாயம்: எங்க ஓடுது? கம்பியெல்லாம் ஈர்க்குச்சி மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கே.

நெல்லையப்பன்: தண்ணி நேரா விழும், இடியாப்பம் சுருண்டு விழும். எதைப் பாத்து வளைக்க? அதுக்குத்தான மாதிரின்னு உழக்கு அரிசி தந்தீங்க. இடிச்சு, பிழிஞ்சு, பாத்து வளைன்னு.

நமசிவாயம்: ஆமா... அதைக் கேக்கத்தான் வந்தேன். இடிச்சாச்சா?

நெல்லையப்பன்: இல்ல.

நமசிவாயம்: ரெண்டு நாளாச்சேவே!

நெல்லையப்பன்: முத்துவடிவு தொட மாட்டேன்னுட்டா. யுத்தத்துல ரங்கூன் அரிசி நின்னதுல இருந்து வீட்டுல மரச்சீனிக்கிழங்குதான். கஞ்சி வச்சுக் குடிட்டின்னேன். “இது விளக்கோட அரிசி, கணக்கப்பிள்ளை கேப்பாரு”ன்னு மூடி வச்சிட்டா.

நமசிவாயம்: வீட்டுக்காரின்னா இப்படி இருக்கணும். எங்க அவ?

நெல்லையப்பன்: உள்ள படுத்திருக்கா. காய்ச்சல்.

நமசிவாயம்: ஒரு முனகலைக்கூடக் காணோம்?

நெல்லையப்பன்: தூங்குதா.

நமசிவாயம்: பட்டப்பகல்ல உள்ள என்னவே விளக்கு எரியுது? ஊரே எண்ணெய்க்கு அலையுது.

நெல்லையப்பன்: நிழல் எப்படி விழுதுன்னு... பாக்கேன்.

நமசிவாயம்: ஒத்தத் திரியிலயா?

நெல்லையப்பன்: எண்ணெய் அம்புட்டுத்தான்.

நமசிவாயம்: சாம்பிராணி?

நெல்லையப்பன்: கொசு... அதை விடுங்க. உங்களுக்கென்ன தலையும் வேட்டியும் ஈரமா?

நமசிவாயம்: சாரல்.

நெல்லையப்பன்: வெயிலு மண்டையைப் பிளக்கு.

நமசிவாயம்: குற்றாலத்துல சாரல்வே!

நெல்லையப்பன்: பண்ணை வண்டிக்குக் கூண்டு உண்டே?

நமசிவாயம்: ஓட்டைக் கூண்டு. அதையா கேக்க வந்தேன்? அந்த அரிசி வேணும்.

நெல்லையப்பன்: மாவாவா?

நமசிவாயம்: மாவு வேண்டாம். அரிசியாவே வேணும்.

நெல்லையப்பன்: அப்போ மாதிரி?

நமசிவாயம்: உம்ம இஷ்டத்துக்கு வளையும். யாரு வந்து பிட்டுத் திங்கப் போறா?

நெல்லையப்பன்: பண்ணையில இல்லாத அரிசியா அண்ணாச்சி?

நமசிவாயம்: குதிருக்குள்ள எலி பட்டினி கிடக்கு. சின்னவரு அம்புட்டு மூட்டையையும் மலையாளத்துக்கு ஏத்தி விட்டுட்டாரு, அங்கன விலை அப்படி. கல்யாண அரிசி வியாழக்கிழமைதான் வருது.

நெல்லையப்பன்: வியாழன் வரைக்கும் தாங்காதோ?

நமசிவாயம்: தாங்காது... இன்னைக்கே வேணும்.

நெல்லையப்பன்: எம்புட்டு?

நமசிவாயம்: ஒரு கைப்பிடி போதும்.

நெல்லையப்பன்: ஒரு கைப்பிடி...

நமசிவாயம்: என்ன அப்படிப் பாக்கீரு?

நெல்லையப்பன்: பெரியவரு எப்படி இருக்காரு?

நமசிவாயம்: படுத்திருக்காரு.

நெல்லையப்பன்: தூங்குதாரோ?

நமசிவாயம்: ...ஆமா. தூங்குதாரு. வெள்ளிக்கிழமை தாலி ஏறுத வரைக்கும் தூங்கத்தான் செய்வாரு. ஊருல வேற பேச்சுக் கிளம்புனா மாப்பிள்ளை வீடு எழுந்து போயிரும், புரியுதா?

நெல்லையப்பன்: பித்தளை பேசாது. நானும் பேச மாட்டேன். நீங்களும் பேசப்படாது.

நமசிவாயம்: நான் எதைப் பத்திவே பேசப் போறேன்?

நெல்லையப்பன்: மடியைப் பிடிங்க அண்ணாச்சி. பெரியவரு வாய்க்கு இது போதும்... முத்துவடிவுக்கு வாய் சின்னது. காலையில போட்டது போக இம்புட்டு மிச்சம்.