பசியாறியாச்சா?

இந்தியரை மணந்த வெளிநாட்டுப் பெண்கள் குடியுரிமை கேட்டு வந்தால் தனி வரிசை என்பது விதி. எழுபதுகளில், பாலக்காட்டு அலுவலகம் ஒன்றில், துப்பாக்கி லைசென்சுக்கு வந்த எனக்கும் அதே வரிசைதான். அந்த விதிமீறலுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். முன்னால் நின்ற தம்பதியின் பேச்சு காதில் விழுந்தது. கணவர் பக்கத்துத் தமிழ்க் கிராமமான வடகரப்பதிக்காரர், மனைவி மலேசியாவில் பிறந்த தமிழ்ப் பெண்; பேச்சின் கடைசியில் அந்த ஊர் ‘லா’ ஒட்டிக்கொண்டிருந்தது.

“மனுவைக் குடுத்துட்டா அப்பறம் அந்த ஊருக்காரி இல்ல நீ. இங்கயே இருக்கறயா, உன்ற ஊருக்கே போயர்லாமா? எத்தன மாசமாக் கேக்கறன், வாயத் தொறக்க மாட்டீங்கற.”

“உங்கம்மா என் வார்த்தையத் திருடிட்டாங்கலா.”

“எங்கம்மாளா? என்னத்தத் திருடுனாங்க?”

“வந்த புதுசுல காலையில எல்லாரையும் ‘பசியாறியாச்சா’ன்னு கேட்டேன். சாப்பிட்டாச்சாங்கிறத எங்க ஊருல அப்படித்தான் கேப்போம். கெணத்தடியில விழுந்து விழுந்து சிரிச்சாங்க.”

“செரி, அதுக்கு?”

“மறுநாள்லேர்ந்து உங்கம்மா எதிர்ல வர்றவங்களையெல்லாம் ‘பசியாறியாச்சுங்களா’ன்னு கேக்குறாங்க. பால்காரர், பஸ் கண்டக்டர் யாரையும் விடல. நேத்து, அன்னைக்குச் சிரிச்ச அக்காவே என்னைக் கேக்குறாங்க.”

“அதான் அம்மா ஊர்ல ஒரு மாதிரியாப் பேசிட்டுத் திரியறாங்களா!”

“அவங்கள விட்டுட்டு நான் எங்க போறது? இருக்கேன்லா.”

“இத ஊட்டுலயே சொல்லியிருக்கலாமல்ல புள்ள?”

“ஊட்டுல அவங்க இருந்தாங்க. அழுதிருப்பாங்க.”

கணவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அரசாங்கத்தின் பதில் எப்போது வந்ததோ, எனக்குத் தெரியாது. கணவருக்குப் பதில் வந்தது அன்றே, அந்த வரிசையிலேயே, ஆடிப் பதினெட்டாம் தேதி.